தெரிந்ததைக் கேட்காத வீடு

“விளையாடக் கூப்பிட்டா ஓடி வர்றா, சாமி. எழுத்துன்னு சொன்னா எழுந்து போயிடறா.”

சுனையில் விழுந்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்த பெண் நிமிரவில்லை.

அவளை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கிருந்து வந்தாள் என்று கேட்டதற்கு மேலே கையைக் காட்டினாள் என்றார்கள் சிலர். கீழே காட்டினாள் என்றார்கள் சிலர். மலையில் பாதி நாள் மூடுபனி. எந்தப் பக்கம் காட்டினாலும் ஒன்றுதான்.

பேசிக்கொண்டிருந்த மாதம்மாளை விட அவள் வயதில் சிறியவள்.

“யாரு எழுந்து போறது, அக்கா?”

“என் மக, பொம்மி. ஆவணி வந்தா எட்டு முடியுது.”

“பள்ளிக்கூடம்?”

“நிறுத்திட்டேன்.”

சாமி இன்னொரு கை இலையை அள்ளிக் கரையில் போட்டாள்.

“எழுப்பி நிக்க வச்சுப் படிக்கச் சொன்னாங்களாம். இவளுக்கு வரல. புள்ளைங்க எல்லாம் சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அங்கே வாயே திறக்கல. வெளியே போகணும்னு கேட்கக்கூட வாய் வரல. ஒருநாள் நனைஞ்ச பாவாடையோட வந்து நின்னா. அன்னிக்கே சொல்லிட்டேன், வீட்டுலயே நான் சொல்லித் தர்றேன்னு.”

“வீட்டுக்காரர்?”

“அவர் ஒண்ணும் சொல்லல. அவரோட அக்கா, எங்க அண்ணி இருக்காங்களே, டவுன்ல ஆபீஸ்ல வேலை. அவங்கதான் சொன்னாங்க. இந்தத் தடவை பட்டுப்புழு கூடு கட்டறப்போ வர்றேன், அதுக்குள்ள பொம்மி படிச்சுக் காட்டணும், இல்லேன்னா டவுன்ல ஹாஸ்டல்ல சேர்த்துடுவேன்னு.”

மாதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ராத்திரியில என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா, சாமி. அங்கே எதைப் பிடிச்சுக்குவா?”



“அடிச்சீங்களா?”

“தொட்டதுகூட இல்ல. எல்லாம் விளையாட்டாத்தான். கோலமாவுல கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்து எழுதி, குதிக்கச் சொல்றேன். புளியங்கொட்டையை அள்ளிப் போட்டு எண்ணச் சொல்றேன். தோசையை அ மாதிரி ஊத்தித் தர்றேன்.”

“அ மாதிரி ஊத்த வருமா?”

“வால் மட்டும் கல்லோட ஒட்டிக்கும்.”

சாமி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணு கொண்டு வாங்க” என்றாள். பிறகு கரையில் கிடந்த கூழாங்கற்களைக் காட்டினாள். “இப்போ அந்த விளையாட்டை என்கூட ஆடுங்க. நான்தான் பொம்மி.”

மாதம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரு பிடி அள்ளும்மா, கண்ணு.”

சாமி அள்ளினாள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஊற்றினாள். வெள்ளைக் கற்களை வரிசையாக வைத்தாள். அதன் மேல் ஒரு கறுப்புக் கல்லை நிறுத்தினாள். அது விழுந்தது. மறுபடி நிறுத்தினாள். நாக்கு நுனி வெளியே வந்துவிட்டது.

மாதம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் ஞாபகம் வந்தது.

“சரி, எத்தனை கல்லு இருக்கு, சொல்லு பார்க்கலாம்.”

சாமியின் கை நின்றது. மாதம்மாள் முகத்தைப் பார்த்தாள். கற்களைப் பார்த்தாள். எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டாள்.

மூடுபனி வந்தது. சுனை மறைந்தது. சாமி தங்கியிருந்த கல்வீடு மறைந்தது. மாதம்மாளுக்குத் தன் மடியில் இருந்த கைகளே தெரியவில்லை.

“சாமி?”



அவள் தடவிக்கொண்டே பாறையைச் சுற்றிப் போனாள். சாமி ஈரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் எழுந்து வந்துட்டீங்க, சாமி?”

“பொம்மி எழுந்து எங்கே போவா?”

“தெரியல.”

“போய்ப் பார்க்கலையா?”

“எனக்கு எங்கே நேரம்? கைக்குழந்தை அழும். மாடு கத்தும். உலையில அரிசி இருக்கும். புழுவுக்குத் தழை நறுக்கணும். தழை வாடிப்போனா புழு தொடாது. நல்ல தழையா இருந்தா நனைஞ்சிருக்கும், துடைச்சுப் போடணும். அதுக்குள்ள பால்...”

“பால் இப்போ பொங்கியிருக்குமா?”

“அவர் இறக்கி வச்சிருப்பார்.”

“வச்சிருப்பாரா?”

மாதம்மாள் யோசித்தாள். “மாட்டார்.”

“அப்போ பொங்கிடுச்சு. இனி அவசரமில்லை. மெதுவா இறங்கிப் போங்க. அவ எங்கே போறான்னு பார்த்துட்டு வாங்க.”

*

வீட்டு வாசலில் கட்டம் போட்டிருந்தது. பொம்மி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு வந்தாள். ‘ம’ எழுதியிருந்த கட்டத்தில் நின்றாள்.

“அது என்ன எழுத்து, கண்ணு?” என்றாள் மாதம்மாள் அடுப்படியிலிருந்து.

பொம்மி ஒற்றைக் காலிலேயே நின்றாள். பிறகு மறு காலையும் கீழே வைத்தாள். போய்விட்டாள்.

மாதம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் போனாள். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சோறு குழைந்தால் குழையட்டும் என்று ஒருமுறை நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக ஒருமுறை பயந்தாள்.

பொம்மி புழு வீட்டுக்குள் நுழைந்தாள்.

உள்ளே நனைத்த சாக்குகள் தொங்கின. வெளிச்சம் பச்சையாக இருந்தது. அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், சில்லென்ற தரையில், பொம்மி மல்லாந்து படுத்திருந்தாள்.

மாதம்மாளும் குனிந்தாள். தவழ்ந்தாள். மகள் பக்கத்தில் படுத்தாள்.

மழை பெய்துகொண்டிருந்தது.

அவள் அந்தப் புழு வீட்டில் எத்தனையோ வருஷமாகத் தழை போடுகிறாள். புழுக்கள் தழை தின்னும் சத்தம் அவளுக்குத் தெரியும். வேலைக்கு நடுவில் கேட்கிற சத்தம் அது. படுத்துக்கொண்டு கேட்டபோது அது வேறாக இருந்தது. எங்கோ ஒரு பெரிய காட்டில், ஆள் இல்லாத நேரத்தில், ஒவ்வொரு இலையிலும் தனித்தனியாகப் பெய்கிற மழை. அவள் கண் சொருகியது.

“மழையா பெய்யுது?” என்று பாதித் தூக்கத்தில் கேட்டாள்.

“வெளியில இல்ல” என்றாள் பொம்மி.

“உள்ளேயா?”

“மேல்தட்டுல பெருசாப் பெய்யுது. ஓரத்துத் தட்டுல தூறல். எந்தத் தட்டு முதல்ல நிக்கும், சொல்லு.”

மாதம்மாள் கேட்டாள். “தூறல்தான்.”

இருவரும் காத்திருந்தார்கள். மேல்தட்டு திடீரென்று ஓய்ந்தது. தூறல் பெய்துகொண்டே இருந்தது.

“நீ தோத்துட்டே” என்றாள் பொம்மி.

அவள் குரலில் இவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. மாதம்மாளுக்கு மனம் இளகியது. இந்த நேரம்தான் சரியான நேரம் என்று தோன்றியது.

“ஆமா, கீழேருந்து எண்ணினா தூறல் எத்தனையாவது தட்டு?”

தூறல் பெய்துகொண்டிருந்தது. பொம்மியின் குரல் மட்டும் நின்றுவிட்டது.

*

“நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா, சாமி. நான்தான் வாயைத் திறந்தேன்.”

“என்ன கேட்டீங்க?”

“எத்தனையாவது தட்டுன்னு.”

“உங்களுக்குத் தெரியாதா?”

“என் வீட்டுத் தட்டு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் கேட்டீங்க?”

“அவளுக்குத் தெரியுதான்னு பார்க்க.”

சாமி இரண்டு கைகளையும் மூடி முன்னால் நீட்டினாள். “கல்லு எந்தக் கையில இருக்கு?”

மாதம்மாள் இடது கையைத் தொட்டாள். சாமி விரித்தாள். காலி.

மறுபடி மூடி நீட்டினாள். மாதம்மாள் வலது கையைத் தொட்டாள். காலி.

மறுபடி. காலி. மறுபடி. காலி.

மாதம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. பிறகு முகம் சிவந்தது.

“ரெண்டு கையிலயும் இல்ல.”

சாமி இரண்டையும் விரித்தாள். இல்லை.

“எனக்குத்தான் முதல்லயே தெரியுமே” என்றாள்.

“தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒருத்தியை உட்கார வச்சுக் கேட்பீங்களா? நல்லா இருக்கு, சாமி. அங்கே எனக்குத் தலைக்கு மேல வேலை.”

மாதம்மாள் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பாறைப் பக்கமாக ஓர் அடி வைத்தாள்.

வைத்த கால் அப்படியே நின்றது.

வெகு நேரம் கழித்து அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சாமி அதற்குள் சுனையில் விழுந்த ஓர் இலையை எடுத்துப் போட்டிருந்தாள்.

“ஒண்ணு செய்யறீங்களா, அக்கா? பதில் தெரிஞ்ச கேள்வி எதையும் பொம்மிகிட்ட கேட்காதீங்க.”

“எவ்வளவு நாளைக்கு?”

“அதுக்கு எனக்குப் பதில் தெரியாது.”

“தெரிஞ்சதைக் கேட்காம நான் எப்படிச் சொல்லித் தர்றது? எனக்குத் தெரிஞ்சதே மூணாங்கிளாஸ் வரைக்கும்தான்.”

“தெரியாதது?”

“அது கிடக்கு, மலை மாதிரி.”

“அப்போ நீங்க பணக்காரி, அக்கா.”

மாதம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றிலும் பார்த்தாள். மூடுபனிதான் இருந்தது. அதுகூடக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினாள்.

“எழுத்து ஒவ்வொண்ணாத் தெரியும், சாமி. கூட்டமா வந்தா மிரண்டு போயிடுவேன். நீளமா இருந்தா படிக்க வராது. இது அவருக்குக்கூடத் தெரியாது. அண்ணிக்குத் தெரிஞ்சா, உனக்கே வரல, நீ என்னத்தைச் சொல்லித் தரப்போறேன்னு அந்த நிமிஷமே பொம்மியைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“பொம்மிக்குத் தெரியுமா?”

“தெரியக் கூடாது. அப்புறம் அவ என்னை எப்படி மதிப்பா?”

சாமி சுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா என்று மாதம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“குளிச்சியா” என்று கேட்க வாயெடுத்தாள். பொம்மியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“சாப்பிட்டியா” என்று ஆரம்பித்தாள். தட்டு எதிரேயே இருந்தது.

கட்டத்தைப் பார்த்தால் ‘என்ன எழுத்து’ என்று வந்தது. கொட்டையைப் பார்த்தால் ‘எத்தனை’ என்று வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?” என்றான் அவள் கணவன் முனிரத்தினம்.

“இல்ல.”

“நல்லாத்தான் இருக்கு” என்றான். அடி விழுவதற்கு முன் எழுந்து மாட்டிடம் போனான்.

இத்தனை நாளும் தன் பெண்ணிடம் வேறு எதுவுமே பேசியதில்லை என்று அவளுக்குத் தெரிய வந்தது. அது அவளை உறுத்தியது. அடுப்பு எரியும்போது உறுத்தியது. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது உறுத்தியது.

ஒரு விடியற்காலையில் அவள் தழை போடப் போனாள். மூடுபனி சாக்கு வழியாக உள்ளே வந்து தட்டுகளின் மேல் படுத்திருந்தது. சில புழுக்கள் தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி, அப்படியே உறைந்திருந்தன. தோல் உரிப்பதற்கு முன்னால் புழு இப்படித்தான் தூங்கும். அப்போது தழை போடக் கூடாது. அதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

“தூங்கறதுன்னா படுத்துக்க வேண்டியதுதானே. தலையை ஏன் தூக்கிக்குது?” என்றாள். யாரிடம் கேட்கிறோம் என்ற நினைவே இல்லாமல் கேட்டாள்.

“தெரியல” என்றது கீழ்த்தட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

“எனக்கும் தெரியல.”

பொம்மி வெளியே வந்தாள். இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

“கனவுல தழை மேலே இருக்கோ என்னவோ” என்றாள் பொம்மி.

இருக்கலாம் என்று மாதம்மாளுக்குத் தோன்றியது.

அதன் பிறகு பேச்சு வந்தது. மூடுபனி வீட்டுக்குள் வருகிறதா, வீடு மூடுபனிக்குள் போகிறதா? மாடு அசைபோடும்போது எதைப் பற்றி நினைக்கும்? தூளியில் தூங்குகிற குழந்தை சிரிக்கிறதே, யாரைப் பார்த்து? எதற்கும் இருவருக்கும் பதில் தெரியவில்லை. அடுப்படியில் கேட்டார்கள். தழை நறுக்கும்போது கேட்டார்கள். வேலை என்னவோ குறையவில்லை. சோறு இரண்டு முறை குழைந்தது.

பொம்மி தட்டுகளுக்குப் பெயர் வைத்தாள். மழை, தூறல், இடி, கமலா.

“கமலா யாரு?”

“அந்தத் தட்டைப் பார்த்தா கமலா மாதிரி இருக்கு. எழுதி வை, அம்மா. மறந்துடும்.”

சின்னச் சின்னப் பெயர்கள். மாதம்மாளுக்கு எழுத வந்தது. தட்டுகளைத் தாங்கிய மூங்கில் காலில் சாக்பீஸால் எழுதினாள். பொம்மி பக்கத்தில் நின்று அவள் கையையே பார்த்தாள். மறுநாள் ‘இடி’ என்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் யாரோ கோணலாக ‘அமைதி’ என்று எழுதியிருந்தார்கள்.

மாதம்மாள் அந்தக் கோணல் எழுத்தின் முன் வெகு நேரம் நின்றாள். யார் எழுதியது என்று கேட்கவில்லை.

*

அன்று அவள் மலைக்குத் தோசை கொண்டு போனாள். வால் ஒட்டாமல் வந்திருந்தது. வாழை இலையில் வைத்துக் கொடுத்தாள்.

சாமி வாலிலிருந்து ஆரம்பித்தாள்.

“தெரிஞ்சது எதையும் கேட்கறதில்ல, சாமி. வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பயமாவே இருக்கு. ஏதோ எழுதியிருக்கா. அதையும் எங்கேயாவது பார்த்து வரைஞ்சாளோ என்னவோ. படிக்க வருதா, வரலையான்னு கேட்காம எனக்கு எப்படித் தெரியும்?”

சாமி மென்றுகொண்டிருந்தாள்.

“தோசை அ மாதிரி இருந்துச்சா?” என்றாள் மாதம்மாள்.

“பசியா இருந்தேன். பார்க்கல.”

மாதம்மாளுக்கு வருத்தமாக இருந்தது. மூன்று தோசை கிழிந்த பிறகு வந்த அ அது.

“நல்லா இருந்துச்சான்னு கேட்க மாட்டீங்களா, அக்கா?”

“அதை எதுக்குக் கேட்கணும்? இலைதான் காலியா இருக்கே.”

சொல்லிவிட்டு மாதம்மாள் இலையைப் பார்த்தாள். சாமி விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

*

முனிரத்தினத்தின் அக்கா ருக்மணி, சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். புழு இன்னும் கூடு கட்டவில்லை. கடைசித் தூக்கத்தில் இருந்தது. முனிரத்தினம் அடுத்த ஊருக்குப் போயிருந்தான்.

மத்தியானம். வெயில் இல்லை. மூடுபனி வாசல் வரை வந்திருந்தது.

ருக்மணி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். “தம்பி போன்ல சொன்னான், புழுவுக்கு மருந்துப் பொடி வேணும்னு. இதுதான் இப்போ புதுசா வந்திருக்காம்.” பிறகு சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “பொம்மி, அத்தைகிட்ட வா. இது என்ன எழுத்து?”

பொம்மி வந்து உட்கார்ந்தாள். எழுத்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாதா, அத்தை?”

“எனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரியுதான்னு பார்க்கிறேன்.”

பொம்மி அவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

ருக்மணி காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். கோபமாக இல்லை. அதுதான் மாதம்மாளுக்குப் பயமாக இருந்தது.

“நான் அவளைக் கொடுமைப்படுத்தவா கூட்டிட்டுப் போறேன், மாதம்மா? நான் படிச்சதாலதான் யார் கையையும் எதிர்பார்க்காம நிக்கிறேன். இவ நாளைக்குப் பஸ்ல பேர் பார்த்து ஏற வேண்டாமா? காலையில முதல் பஸ்ஸுக்குப் போறோம். துணி எங்கே இருக்கு?”

ருக்மணியே பெட்டியைத் திறந்தாள். பாவாடைகளை மடித்தாள். ஒரு துணிப்பையில் வைத்தாள். பொம்மியின் சீப்பைத் தேடி எடுத்து அதையும் வைத்தாள்.

மாதம்மாள் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தாள். மலை இல்லை. வெள்ளைதான் இருந்தது.

“அந்தப் பொடியை எடுத்துக்கோ” என்றாள் ருக்மணி பின்னாலிருந்து. “எப்போ தூவணும்னு பின்பக்கம் போட்டிருக்காம். பார்த்துத் தூவு. தம்பி பல தடவை சொன்னான், தப்பாத் தூவினா மொத்தப் புழுவும் போயிடும்னு.”

இருவரும் புழு வீட்டுக்குப் போனார்கள். ருக்மணி கையில் துணிப்பை இருந்தது.

உள்ளே மழை இல்லை. எல்லாத் தட்டுகளும் ஓய்ந்திருந்தன. பொம்மி கீழே படுத்திருந்தாள்.

மாதம்மாள் பொட்டலத்தைத் திருப்பினாள். எறும்பு மொய்த்தது போல எழுத்து. முதல் வார்த்தையே நீளமாக இருந்தது. தொடங்கிய இடம் தெரிந்தது. முடிந்த இடம் தெரிந்தது. நடுவில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

கண் எரியுது அண்ணி, நீங்களே படிங்க என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குக் கண் எரிந்துகொண்டேதான் இருந்தது.

ருக்மணி பக்கத்திலேயே நின்றாள்.

மாதம்மாள் தரையில் உட்கார்ந்தாள்.

“பொம்மி” என்றாள். “எனக்கு இது படிக்க வரல.”

பொம்மி அசையவில்லை.

“எழுத்து ஒவ்வொண்ணாத் தெரியும். நீளமா சேர்ந்து வந்தா அம்மாவுக்கு வராது. எப்பவுமே வந்ததில்ல.”

“என்னது?” என்றாள் ருக்மணி.



“கொடு, நான் படிக்கிறேன்.” ருக்மணி கையை நீட்டினாள். மாதம்மாள் பொட்டலத்தைக் கொடுக்கவில்லை. அண்ணியின் கையை மெதுவாக விலக்கினாள். அவள் வாழ்நாளில் அண்ணியின் கையை அப்படி விலக்கியதில்லை.

பொம்மி தவழ்ந்து வெளியே வந்தாள். தலைமுடியில் தழைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கண்ணைப் பார்த்தாள். மறு கண்ணைப் பார்த்தாள்.

பிறகு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“இது தோ” என்றாள், விரலை வைத்து.

“அது எனக்கும் தெரியுது. தோ.”

“இது லு.”

“லு.”

“அப்புறம் ரி.”

“அதுக்கு மேலதான் என்னை மிரட்டுது.”

“என்னையும்” என்றாள் பொம்மி.

ருக்மணி குனிந்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

பொம்மி அந்த வார்த்தையை, ஆற்றுக்கு அக்கரையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“அம்மா, நீ அந்தக் கோடியிலருந்து வா. நான் இந்தக் கோடியிலருந்து வர்றேன்.”

மாதம்மாள் கடைசி எழுத்தில் விரலை வைத்தாள். “து.”

“ரி” என்றாள் பொம்மி.

“போ.”

“க்.”

“ம்.”

“கு.”

இரண்டு விரல்களும் இடித்துக்கொண்டன.

பொம்மி மூச்சை இழுத்தாள். முதலிலிருந்து ஆரம்பித்து, கால் வைத்துக் கால் எடுத்து, விழாமல் நடந்து போனாள். “தோலுரிக்கும்போது.”

அடுத்த வார்த்தைக்கு அவள் அம்மாவுக்காகக் காத்திருக்கவில்லை. “தூவக் கூடாது.”

பிரிக்காத பொட்டலம் மாதம்மாளின் மடியில் இருந்தது. அவர்களைச் சுற்றி, தட்டுத் தட்டாக, புழுக்கள் தூங்கிக்கொண்டிருந்தன.

“கீழே இன்னும் ஒரு வரி இருக்கு” என்றாள் பொம்மி. “இது ரொம்ப நீளம். அத்தை, நீங்க எந்தக் கோடியிலருந்து வர்றீங்க?”

தரை ஈரமாக இருந்தது. ருக்மணி துணிப்பையைக் கீழே வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

“நகருங்க” என்றாள். “நான் நடுவுலருந்து வர்றேன்.”